மேப்பிள் மரத்தடியில் கறிவேப்பிலை

அந்த இளவேனிலில் வான்கோழிகள் வாயைத் திறக்கவில்லை.

முதல் வருடம் அப்படியல்ல. வெளிச்சம் வரும் முன்னரே, இரவு தங்கிய கிளையில் இருந்தபடி சேவல் ஒன்று தொண்டையை உருட்டும். வயலுக்கு அப்பாலிருந்து இன்னொன்று பதில் உருட்டும். எந்தப் பக்கம் முகத்தை வைப்பது என்று தெரியாமல் நாங்கள் இருவரும் திணறுவோம். இந்த வருடம் மே மாதம் பிறந்து பத்து நாளாகியும் ஒரு சத்தம் இல்லை. ஆனால் அவை அங்கேதான் இருந்தன. சருகு புதிதாகக் கிளறப்பட்டிருந்தது. வெண்கல நிறத்தில் ஓர் இறகு, இன்னும் பனி நனைக்காமல், புல்லில் கிடந்தது. இருந்துகொண்டே பேசாமல் இருப்பவர்களோடு வாழ்ந்து பழகியவன் நான். அப்படிப்பட்ட மௌனத்துக்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்துக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பான் என்று என் மனம் உடனே தேடத் தொடங்கிவிடும்.

ஆள் என்றால் அங்கே இரண்டு பேர்தான். நானும் மச்சானும். மச்சான் என் மனைவியின் அண்ணன். எனக்கு ஒத்த வயது. மொன்ட்ரியாலில், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் ஒரே பஸ் பாதையில், நாலு தரிப்பு தள்ளி இருக்கிறோம். இந்த நகரத்தில் கலியாண வீடுகளில் கதைக்க எனக்கு நூறு பேர் உண்டு. பக்கத்தில் மூன்று மணித்தியாலம் கதைக்காமல் இருக்க இவன் ஒருவன்தான். மொன்ட்ரியாலிலிருந்து தெற்கே, ஆற்றுப்பாலம் தாண்டி ஒரு மணி நேரத் தூரத்தில், ஒரு வயசான விவசாயி தன் காட்டுத்துண்டில் வேட்டையாட எங்கள் இருவருக்கும் அனுமதி தந்திருந்தார். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: ஒருவனை விட்டு மற்றவன் போவதில்லை. அதை நாங்கள் எழுதி வைக்கவில்லை. மச்சான்மாருக்குள் என்ன எழுத்து?

மனைவிக்கு இந்த வேட்டையே பிடிக்காது. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம், இஞ்சை வந்து படிச்சு, சோதினை பாஸ் பண்ணித் துவக்கு வாங்குது" என்பாள். அவள் சொல்வது உண்மை. நாங்கள் படித்தோம்தான். ஒரு சனிக்கிழமை முழுக்க, பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில், மீசை வைத்த ஓர் ஆசிரியர் பிரெஞ்சில் பாடம் எடுத்தார். அதில் இரண்டு விஷயங்களை மேசையில் தட்டிச் சொன்னார். ஒன்று: வான்கோழிச் சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமும், ஆகவே அந்த மூன்று நிறத்தையும் உடம்பில் எங்கும் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போகாதே, இன்னொருவன் உன்னைச் சுடுவான். இரண்டு: கோழிச் சத்தம் கேட்டால் அதைத் தேடிப் போகாதே, மரத்தில் முதுகைச் சாய்த்து இருந்த இடத்தில் இரு, அந்தச் சத்தம் இன்னொரு வேட்டைக்காரன் கையிலிருந்தும் வரலாம்.

கையிலிருந்து வருவது எப்படியென்றால், சின்ன மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. மூடியை அதன் விளிம்பில் தேய்த்தால் பேட்டின் குரல் வரும். அந்தக் குரலுக்குச் சேவல் வர வேண்டும். மச்சான் தேய்த்தால் வராது. போன வருடம் அவன் தேய்த்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"என்னடாப்பா, இது கோழியோ, மாசிக் குளிரிலை உறைஞ்சு திறக்காத கார்க் கதவோ?"

"ஓம், நீ பெரிய கவிஞன், புத்தகம் போட்டவன். நீ கூப்பிடன் பாப்பம்."

"நான் கூப்பிட்டால் கோழி வராது, புத்தக வெளியீட்டுக்கு ஆக்கள்தான் வருவினம்."

"அதுவும் வராயினம்" என்றான் மச்சான். சிரித்தோம். நான் அதை அங்கேயே மறந்துவிட்டேன்.

இந்த வருடம், அந்தப் பேசாத பத்தாம் நாள், ஒரு சனிக்கிழமை, வழக்கமாக நான் சாயும் மேப்பிள் மரத்தடியில் குந்தியபோது, வேருக்கும் பாசிக்கும் நடுவே ஒரு கறிவேப்பிலையைக் கண்டேன். பொரித்த கறிவேப்பிலை. மிக்சரில் வருவது. எடுத்து விரல்களுக்கிடையில் வைத்து நசித்தேன்; மொறுமொறுவென்று உடைந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க மழை. நாங்கள் கடைசியாக வந்தது அதற்கு முந்திய சனிக்கிழமை. கடலையை அணில் கொண்டுபோயிருக்கும், இலையை விட்டிருக்கும். இந்தக் கியூபெக் காட்டுக்குள், மழைக்குப் பிறகு, மிக்சர் சாப்பிட்டவன் யார்?

இருபது அடி தள்ளி மச்சான் தன் மரத்தில் சாய்ந்திருந்தான். முகமூடித் துணிக்குள் கண் மட்டும் தெரிந்தது. அவன் என்னைப் பார்க்கிறானா, வயலைப் பார்க்கிறானா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேட்டிருக்கலாம். வாயில் ஒரு கேள்வி, அவ்வளவுதான். நான் இலைத்தூளை விரலிலிருந்து ஊதிவிட்டேன்.

சந்தேகம் வந்தவனுக்கு உலகம் முழுவதும் சாட்சி. திரும்பும்போது களஞ்சியத்தடியில் நின்ற விவசாயி, மச்சான் காருக்குப் போன நேரம் பார்த்து, "உன்னுடைய ஆள் பொறுமைசாலி, கல்லு மாதிரி இருக்கிறான்" என்றார். எந்த நாளைச் சொல்கிறார்? இன்றா? வேறு நாளா? என் சந்தேகத்தைக் காட்டாமல் அதைக் கேட்கும் அளவுக்கு என்னிடம் பிரெஞ்சு இல்லை. "வி, வி" என்று ஆமோதித்தேன். பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. மச்சான் பாட்டுக்கு ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். இவன் தனியாக வந்து சுட்டிருந்தால் என்ன? ஒரு கோழி. இல்லை, கோழி அல்ல. என்னிடம் சொல்லாமல் வந்தான் என்றால், வேறு எதையெல்லாம் சொல்லாமல் செய்திருப்பான்? இருபது வருடத்தையும் பின்னாலிருந்து முன்னுக்கு ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தேன். அவன் போட்ட தாளம்கூடக் களவாகக் கேட்டது.

வியாழன் மாலை தொலைபேசி எடுத்தேன்.

"நாளைக்குப் போவமோ, மச்சான்?"

"நாளைக்கு வேலை. சனிக்குப் பாப்பம்."

நான் கேட்டு முடிக்கும் முன்னரே பதில் வந்தது போல இருந்தது. தயாரித்து வைத்த பதில் அப்படித்தான் வரும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மனைவியிடம் பல் வைத்தியரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு, துவக்கைக் காரின் பின்பெட்டியில் பூட்டி எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். மச்சானைப் பிடிக்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவனுக்கு முன்னால் ஒரு சேவலை அடித்துவிட வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது என்பதை இப்போது எழுதலாம். அப்போது அதை நான் பார்க்க மறுத்தேன். வழக்கமான வாசலால் போகவில்லை. காட்டின் பின்பக்கம், ரயில் பாதை ஓரமாகக் காரை விட்டு, வேலிக் கம்பி தாண்டி இறங்கினேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. வெள்ளை மலர்கள் தரையை நிறைத்துக் கிடந்தன. கால் வைத்த இடமெல்லாம் சருகு என்னைக் காட்டிக்கொடுத்தது.

அப்போது பேடு கூப்பிட்டது. மூன்று தரம். ஓர் இடைவெளி. பிறகு இரண்டு தரம், தாழ்வாக, யாரையும் தேடாதது போல. எனக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. என் மச்சானால் ஏழு பிறப்புக்கும் இப்படிக் கூப்பிட முடியாது. ஆகவே அது அவன் அல்ல, கோழிதான். பேடு இருந்தால் பக்கத்தில் கூவாத சேவல் இருக்கும். மரத்தில் சாய்ந்து இரு என்று ஆசிரியர் மேசையில் தட்டியது எனக்குக் கேட்டது. கேட்டும், முழங்காலில் ஊர்ந்தேன்.

பன்னச்செடிகள் சுருள் விரிக்கும் ஒரு பள்ளம். அதற்கு அப்பால் விழுந்த மரம் ஒன்று. அந்த மரத்துக்கு மேலே, நாற்பது காலடி தூரத்தில், ஒரு தலை மெல்ல எழுந்தது. சிவப்பு. வெள்ளை. நீலம் இருக்கவில்லை; என் கண் அதைத் தானே சேர்த்துப் பார்த்தது. துவக்கின் பாதுகாப்புப் பூட்டை முன்னே தள்ளினேன். அந்தச் சின்னக் 'கிளிக்' எனக்கு மட்டும் கேட்டது என்று நினைத்தேன். தலை தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. இனி நெஞ்சு தெரிய வேண்டும். நெஞ்சில் சேவலுக்குரிய மயிர்க்கற்றை தொங்குவதைக் கண்டால்தான் சுடலாம். விரல் விசையின் மேல் பட்டும் படாமலும் நின்றது.

"நாசமாப் போன நுளம்பு!" என்றது தலை. படாரென்று கன்னத்தில் ஓர் அடி.

வெள்ளிக்கிழமை. மச்சான் வெள்ளிக்கிழமைகளில் சாமியறையில் கும்பிடாமல் வெளியே கால் வைக்கமாட்டான். மூன்று கோடு திருநீறு, நடுவிலே பெரிய குங்குமப் பொட்டு. முகமூடித் துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, தொப்பியைப் பின்னே தள்ளிவிட்டு, நெற்றியைக் காட்டிக்கொண்டு இருந்தான். அந்த மண்டபத்தில் எங்களோடு இருந்து படித்த எவருக்கும் இந்தப் பிழை வந்திருக்காது. இது எங்களுக்கு மட்டும் வரக்கூடியது.

துவக்கின் வாயை மண்ணுக்கு இறக்கினேன். "மச்சான்" என்று கூப்பிட்டேன்.

அவன் திரும்பினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"பூட்டைப் போடு" என்றான்.

பூட்டைப் போட்டேன். விழுந்த மரத்தில் பக்கத்தில் போய் இருந்தேன். அவனிடம் துவக்கு இல்லை. மடியில் மரப்பெட்டியும், பக்கத்தில் மிக்சர் பையும்தான். அப்போதும் என் வாய் என்ன கேட்டது தெரியுமா?

"உன்ரை கார் எங்கை?"

"களஞ்சியத்தடியிலை. வேறை எங்கை விடுறது? உன்ரை கார் எங்கை?"

நான் ரயில் பாதைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"காலமை தங்கச்சி போன் எடுத்தவள். நீ பல்லுப் பிடுங்கப் போட்டாய் எண்டு கவலைப்பட்டவள்" என்றான். "பிடுங்கியாச்சோ?"

"உனக்கு வேலையெல்லோ?"

"லீவு எடுத்தனான். மூண்டு புதன் வந்தனான், இண்டைக்கு வெள்ளி. இதுக்குத்தான்." பெட்டியைத் தூக்கிக் காட்டினான். "வீட்டிலை பழகேலாது. தேய்க்கத் தொடங்கினால் கீழ்வீட்டு மனுசி தும்புத்தடியாலை முகட்டிலை இடிக்குது. என்ரை மனுசி பிள்ளையளும் சிரிக்குதுகள். நீயும் சிரிச்சனீ. அதுதான் உன்ரை மரத்தடியிலை வந்து இருந்து, உண்மையான பேடு கூப்பிடக் கேட்டுக் கேட்டுத் திருப்பிக் கூப்பிட்டுப் பழகினனான். நல்லா வந்தாப் பிறகு உனக்குக் காட்டுவம் எண்டு."

"நல்லா வந்திட்டுது" என்றேன்.

"உண்மையாவோ?"

"நான் கோழியெண்டுதான் நினைச்சன்."

அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று இருவருக்கும் விளங்கியது. அவன் கை தானாக நெற்றிக்குப் போனது. விரலில் ஒட்டிய குங்குமத்தைப் பார்த்தான். சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தான். அது இன்னும் பரந்து சிவந்தது.

"விசரா" என்றேன், என்னைச் சொல்கிறேனா அவனைச் சொல்கிறேனா என்று தெரியாமல். "கிழமைக்குக் கிழமை வந்து கூப்பிட்டால் சேவல் ஏன் கூவும்? பேடு கூப்பிட்டால் அங்கை ஒரு மொக்கன் குந்தியிருக்கிறான் எண்டு அதுகளுக்குப் பாடமாக்கிப் போட்டாய்."

"ஓம், பழக்கிப்போட்டன்" என்றான். சிரிக்கவில்லை. "நீ என்னட்டைக் கேட்டிருக்கலாம், மச்சான்."

ரயில் பாதைக்கு நான் தனியே நடந்தேன். களஞ்சியத்துக்கு அவன் தனியே நடந்தான். அன்று மாலை மனைவி என் வாயைத் திறந்து பார்க்கச் சொன்னாள். வைத்தியர் தவணையை மாற்றிவிட்டார் என்றேன். அவள் நம்பினாளா என்பது அவள் முகத்தில் இல்லை.

சனிக்கிழமை அவன் வழக்கமான நேரத்துக்கு வந்து கீழே ஹோர்ன் அடித்தான். நெற்றி வெறுமையாக இருந்தது. பாலம் தாண்டும்வரை காலநிலை பற்றிக் கதைத்தோம். காட்டில் அவனே சொன்னான், "இனி ஒரே மரத்திலை இருப்பம்." பருத்த மேப்பிள் ஒன்றில், அவன் வயலைப் பார்க்க, நான் காட்டைப் பார்க்க, அடிமரத்தின் வளைவை ஒட்டி அருகருகே சாய்ந்தோம். இடது தோளின் ஓரம் மட்டும் அவன் தோளில் பட்டது. கூப்பிடுவதில்லை என்று தீர்மானம். சும்மா இருப்பது.

வெயில் இலைகளுக்குள் இறங்கி வந்தது. ஒன்பது மணியளவில் அவன் தோள் அசையாமல் நின்றது. மூச்சும் நின்றது. வயல் பக்கம் ஏதோ வந்திருக்கிறது. சத்தமில்லாமல், கூவாமல், தன் பாட்டில். நான் திரும்பினால் அது ஓடிவிடும். துவக்கை அவன் மெல்ல உயர்த்துவதைத் தோள் வழியாக உணர்ந்தேன். வெடிக்குக் காத்திருந்தேன். ஒன்று, இரண்டு, பத்து, முப்பது என்று எண்ணினேன். வெடி வரவில்லை. பிறகு தோள் தளர்ந்தது, ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது.

"என்ன வந்தது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் வரேல்லை" என்றான்.

மத்தியானம் எழுந்து காலை உதறினோம். அவன் தேநீர்க் குடுவையைத் திறந்து முதல் கோப்பையை என்னிடம் நீட்டினான். அவன் பக்கத்தில், பத்தடி முன்னால், வயல் விளிம்பில் மண் கறுத்து ஈரமாகக் கிடந்தது. ஏதாவது நடந்து போயிருந்தால் அந்த மண் சொல்லும். நான்கு எட்டு வைத்தால் போதும். தேநீர் சூடாக இருந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.