அண்ணன் பெயரில் ஒரு டொமைன்

எங்கள் வீட்டில் மூத்தவன் இருக்கும்போது இளையவன் பெயரில் எதையும் எழுத மாட்டார்கள். குமுளியில் இருக்கும் ஏலக்காய்க் கடை, கரண்டு, கேஸ் எல்லாம் அண்ணன் பெயரில்தான். உழைப்பு மட்டும் இரண்டு பேருக்கும் பொது. கடைக்கு வெப்சைட் தொடங்க டொமைன் என்கிற இணைய முகவரியை வாங்கியபோதும், உரிமையாளர் என்ற கட்டத்தில் யோசிக்காமல் அண்ணன் பெயரைப் போட்டேன். அவருடைய போன் நம்பர், அந்த நம்பரிலேயே தொடங்கிய மெயில். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் புத்தி மாறிவிடுமா என்ன?

கடையின் பெயரை யாரோ முன்பே வாங்கியிருந்தார்கள். சும்மா அண்ணனின் முழுப் பெயரை அடித்துப் பார்த்தேன். கிடைத்தது.

"ஒலகத்துல ஒருத்தனும் கேக்கலையாடா எம் பேர?" என்று சிரித்தார் அண்ணன். ஆனால் கம்பத்திலிருந்து மலையேறி வரும் பஸ் டிரைவர்களில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் போனை நீட்டிக் காட்டினார். ஏலக்காய்க் கவர்களில் அந்த முகவரியைப் பெரிதாக அச்சடிக்கச் சொன்னார். தேக்கடி பார்க்க வந்தவர்கள் ஊருக்குத் திரும்பி அதில்தான் மறுபடி ஆர்டர் போட்டார்கள். தெருவில் கடைக்குக் கடை ஏலக்காய் விற்கும்போது எங்களுக்குச் சோறு போட்டது அந்த வெப்சைட்தான்.

போன வருஷம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த பிறகும் அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. விஷயம் தெரியாத வியாபாரிகள். ஒவ்வொரு முறையும் மதினி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, பாதியில் நின்றுவிடுவார். "அத நிப்பாட்டிருங்க தம்பி. என்னால கேக்க முடியல" என்றார். ரீசார்ஜ் செய்யாமல் விட்டேன். நம்பர் போயிற்று. டொமைனின் உயிர் அந்த நம்பரில்தான் இருக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு காலையில் வெப்சைட் திறக்கவில்லை. கெடு முடிந்திருந்தது. புதுப்பிக்கச் சொன்ன மெயில்கள் எல்லாம் அண்ணனுக்குப் போயிருக்கின்றன. அண்ணன் பிறகு மாற்றிவைத்த பாஸ்வேர்டு அவரோடு போயிற்று. புதிதாக மாற்றலாம் என்றால் ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது. அந்த நம்பருக்கு அடித்தேன். இப்போது அதை வைத்திருக்கும் ஒரு பெண் எடுத்தார்.

"அம்மா, இது எங்க அண்ணன் நம்பரா இருந்துச்சு. இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும், அத மட்டும் சொன்னீங்கன்னா..."

"ஓடிபிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு தெனமும் போன்லயே கத்துறாங்கல்ல? ஆளப் பாரு!"

வைத்துவிட்டார். பிறகு எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

டொமைன் விற்ற கம்பெனியில் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். மதினியை அழைத்துக்கொண்டு தாலுக்கா ஆபீஸுக்குப் போனேன். "பர்த்தாவின்றெ பேரு?" என்று கிளார்க் மலையாளத்தில் கேட்டார். மதினி என்னைப் பார்த்தார். கல்யாணமான நாள் முதல் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். புருஷன் பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. நானே சொன்னேன். யாருக்கும் ஆட்சேபம் இல்லையா என்று பார்த்துச் சான்றிதழ் தர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். கம்பெனி கொடுத்த அவகாசமோ வாரக்கணக்கில்.

சான்றிதழ் கைக்கு வந்தபோது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சென்னையிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டார். "என்ன சார், ஏலக்காய விட்டுட்டு ரம்மி ஆரம்பிச்சிட்டீங்களா?"

திறந்து பார்த்தேன். யாரோ வாங்கிவிட்டார்கள். அண்ணன் பெயரில் பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம். சீட்டுக்கட்டைக் கையால் தொடாத மனுஷன். வாங்கியவனுக்கு எழுதிய மெயில்களுக்குப் பதிலே இல்லை. என் பெயரில் வேறொரு டொமைன் வாங்கினேன். அதைத் தேடி ஒருவரும் வரவில்லை.

கவர்கள் மட்டும் சாக்கு சாக்காகக் கிடந்தன. சூதாட்டக் கடைக்கு வழி சொல்லும் கவரில் ஏலக்காயைப் போட்டுக் கொடுக்க முடியாது. புதிதாக அச்சடிக்கவும் வழியில்லை. கறுப்பு மார்க்கர் வாங்கிவந்து கடையில் உட்கார்ந்து முகவரியை அடிக்கத் தொடங்கினேன். நாலைந்து கவர்களுக்கு மேல் கை ஓடவில்லை.

மதினி வந்து மார்க்கரை வாங்கிக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஒரு கவரை எடுப்பார், எழுத்து எழுத்தாக விரலை வைப்பார், உதடு அசையும். பிறகு கோடு போடுவார். அடுத்த கவரிலும் அப்படியே.

"எல்லாத்துலயும் ஒரே பேருதான மதினி. வாசிக்காம அடிங்க" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி" என்றார், தலை நிமிராமல்.