வரப்பை வெட்டச் சொன்னவள்

கால்வாயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் அவர் மண்வெட்டியை ஊன்றியபடி நின்றார். மழை விட்டு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. கீரைப் பாத்திகளுக்கு நடுவிலிருந்து மண் கரைந்து கரைந்து வந்துகொண்டே இருந்தது. பூட்ஸ் முழுக்கச் சேறோடு நான் பக்கத்தில் போய் நின்றபோதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மண்ணு போவுது மேடம்" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மண்ணைப் போகவிட்டவள் நான்தான்.

சிங்கப்பூரில் விவசாயமா என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. இருக்கிறது. தீவின் வடமேற்கு ஓரத்தில், கிராஞ்சிப் பக்கம், கீரையும் வெண்டையும் விளையும் தோட்டங்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே பெய்கிற மழை கால்வாயில் இறங்கி, நீர்த்தேக்கத்துக்குப் போய், கடைசியில் நம் வீட்டுக் குழாய்க்கே வருகிறது. அதனால் தோட்டத்து மண் தோட்டத்திலேயே இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் சிறிய அரசுப் பிரிவின் வேலை. நானோ சிராங்கூனில் ஒன்பதாவது மாடி வீட்டில் வளர்ந்தவள். மண் என்றால் எனக்கு வீட்டு வாசல் நடைபாதையில் அம்மா வைத்திருந்த துளசித் தொட்டிதான். மற்றதெல்லாம் பல்கலைக்கழகப் பாடம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் அந்தச் சுரைக்காயைக் கையில் ஏந்திக்கொண்டுதான் தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

கரையில் மண்வெட்டியோடு நின்றவர்தான் அந்தத் தோட்டத்தின் சூப்பர்வைசர். புதுக்கோட்டைக்காரர். கட்டுமான வேலைக்கு வந்து, பிறகு தோட்ட வேலைக்கு மாறியவர். கிட்டத்தட்ட என் வயதுதான். முதலாளியான சீன அம்மாவை எல்லோரும் தவுக்கே என்போம். அவர் பெருங்குரலெடுத்து வேலை சொல்வார்; சூப்பர்வைசர் சத்தமே இல்லாமல் அதைச் செய்து முடிப்பார். நான் எது சொன்னாலும் அவரிடமிருந்து வருவது ஒரே பதில்: "ஓகே மேடம்." இப்படி ஒரு மனிதரா என்று எனக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. கோப்பில் "நல்ல ஒத்துழைப்பு" என்று வேறு எழுதி வைத்தேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தோட்டம் கால்வாயை நோக்கிச் சற்றே சரிந்த நிலம். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காகப் போட்டிருந்தார். பாத்திகளுக்கு இடையிலுள்ள ஓடையிலும் பத்தடிக்கு ஒன்றாக, கணுக்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன வரப்புகள். மழை பெய்தால் தண்ணீர் அந்தந்தத் தடுப்புக்குள்ளேயே நின்று, மண்ணைக் கீழே படியவிட்டு, மெதுவாக உள்ளே இறங்கிவிடும். நான் போன அன்று முந்தின நாள் மழைத் தண்ணீர் அப்படித்தான் பளபளவென்று நின்றது. என் கண்ணுக்கு அது தண்ணீராகவே தெரியவில்லை, கொசுவாகத் தெரிந்தது. பூந்தொட்டித் தட்டைக் கவிழ்த்து வை, ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கம்பைச் செருகும் குழாயை மூடி வை என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். தேங்கிய தண்ணீரைக் கண்டால் எங்கள் கை தானாகத் துறுதுறுக்கும். "இந்த வரப்பெல்லாம் எடுத்துடுங்க, தண்ணி நிக்கக்கூடாது" என்றேன். அவர் வரப்புகளை ஒருமுறை பார்த்தார். வாய் லேசாக அசைந்தது. பிறகு, "ஓகே மேடம்."

அந்த வாரமே எல்லா வரப்பையும் வெட்டிவிட்டார். ஆண்டுக் கடைசி மழை சும்மா இருக்குமா? ஒரே பிற்பகலில் கொட்டித் தீர்த்தது. தடுக்க ஆளில்லாத தண்ணீர் ஓடைகளில் பாய்ந்து, பாத்திகளை அரித்துக்கொண்டு கால்வாயில் விழுந்தது. கீழே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த யாரோ படம் எடுத்துப் புகார் அனுப்பிவிட்டார்கள். அப்போது பார்த்துத் தோட்டத்தின் குத்தகையை நீட்டிக்கும் விண்ணப்பம் மேசையில் இருந்தது. காரணத்தைக் கண்டறிந்து அறிக்கை கொடு என்று என் பிரிவுத் தலைவர் சொல்லியனுப்பியதால்தான் மறுநாளும் பெய்த மழை விட்டதும் நான் அந்தக் கரைக்குப் போனேன்.

தவுக்கே அங்கே கொதித்துக்கொண்டிருந்தார். வரப்பை வெட்டியது சூப்பர்வைசர், ஆகவே தப்பு சூப்பர்வைசருடையது, அந்த மாதமே ஊருக்கு அனுப்பப்போகிறேன் என்று ஆங்கிலமும் மலாயுமாய்ப் பொரிந்தார். நான் சொல்லித்தான் வெட்டினார் என்பது அவருக்குத் தெரியாது. சூப்பர்வைசரும் சொல்லவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை நேருக்கு நேராகப் பார்த்தபடி நானும் வாயைத் திறக்காமல் நின்றேன். தவுக்கே நகர்ந்த பிறகு சூப்பர்வைசர்தான் பேசினார்.

"ரிப்போர்ட்ல நானா வெட்டுனேன்னே போட்டுக்குங்க மேடம். உங்களுக்கு ஒண்ணும் வரக்கூடாது."

"வெட்டுனா மண்ணு போயிடும்னு உங்களுக்குத் தெரியும்ல? ஏன் அன்னைக்கே சொல்லல?"

"ஆபீசர் சொன்னா செய்யணும்னு வந்த முதல் நாளே சொல்லிக்குடுத்துட்டாங்க. வொர்க் பெர்மிட்ல இருக்கறவன் எதுக்கு மேடம் வாயக் குடுத்து மாட்டிக்கணும்?"

அதில் குத்தல் இல்லை. மழை வரும் என்பது போலச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது.

உடனே ஓடிப்போய் உண்மையை எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஒன்றரை நாள் அறிக்கையைத் தொடவே இல்லை. "காரணம்" என்ற கட்டம் காலியாகவே கிடந்தது. "தோட்டப் பணியாளர்கள் வரப்புகளை அகற்றியதால்" என்று எழுதினால் அது பொய்யும் இல்லை. அப்படியொரு வாக்கியத்தை அடித்தும் பார்த்தேன். அப்படியே அனுப்பியிருந்தால் ஒருவர் விமானம் ஏறியிருப்பார், நான் பதவி உயர்வு வாங்கியிருப்பேன். இரண்டாம் நாள் மத்தியானம் அதை அழித்துவிட்டு, "என் அறிவுறுத்தலின்படி அகற்றப்பட்டன, அறிவுறுத்தல் தவறானது" என்று எழுதினேன்.

பிரிவுத் தலைவரும் தமிழர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி எழுதினா இந்த வருஷம் உன் ப்ரமோஷன் போய்டும் லா. நல்லா யோசிச்சியா?" என்றார். யோசித்தேன் என்றேன். போய்விட்டது. ஆனால் குத்தகை நீண்டது. தவுக்கேயிடம் நானே போய்ச் சொன்னேன். என்னை ஐந்து நிமிடம் திட்டினார். கடைசியில் ஒரு கட்டுக் கீரையைக் கையில் திணித்தார். சூப்பர்வைசர் ஊருக்குப் போகவில்லை. வரப்புகளைத் திரும்பக் கட்டிய அன்று நானும் மண்வெட்டி பிடித்தேன். பிடித்து மூன்றாவது வெட்டிலேயே சேற்றில் உட்கார்ந்தேன். வேலையாட்கள் சிரிக்கலாமா கூடாதா என்று அவர் முகத்தைப் பார்க்க, அவரே முதலில் சிரித்துவிட்டார். கால்வாய் ஓரத்தில் இரண்டு வரிசை எலுமிச்சைப்புல்லும் நட்டோம். அடுத்த மழைக்குக் கால்வாயில் இறங்கிய தண்ணீர் ஏறக்குறைய தெளிவாக இருந்தது.

ஆனாலும் அவருடைய "ஓகே மேடம்" மாறவில்லை. "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். அதற்கும் ஓகே மேடம். நான் எழுதிக் கொடுத்தது ஒரு தாளில் ஒரு வரி. அவருடைய பயம் அதைவிடப் பழையது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலையில் எதிர்ப்பட்டால் என் பிள்ளைகளை விசாரிப்பார், தன் மகளின் படிப்பைப் பற்றிச் சொல்வார். தோட்டத்துக்குள் போனால் மட்டும் பழைய சூப்பர்வைசர். நான்கு ஆண்டுகள் இப்படியே போயின. நானும் கேட்பதை விட்டுவிட்டு, அவர் வாய் அசைகிறதா என்று கவனிக்கப் பழகிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு புதுத் திட்டத்தோடு போனேன். எலுமிச்சைப்புல் வரிசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கான்கிரீட் வடிகால் போடுவது. வரைபடத்தைப் பம்ப் கொட்டகையின் மேசையில் விரித்துக் காட்டினேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து, இந்த முறை நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"இது முடியாது மேடம்."

பதவி உயர்வுக் கடிதம் இந்த நான்கு ஆண்டுகளுக்கு நடுவே ஒருநாள் வரத்தான் செய்தது. அதைப் பிரித்தபோதுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. ஏன் என்று கேட்டேன். சொன்னார். கான்கிரீட்டில் தண்ணீர் வேகம் பிடிக்கும், இப்போது புல்லில் தங்குகிற வண்டல் தங்காமல் நேராகக் கால்வாய்க்குப் போகும், வடிகால் முடிகிற இடத்தில் கரை அரிபட்டுக்கொண்டே வரும் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். நடுவில் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இருங்க மேடம், இன்னும் முடிக்கல" என்றார்.

முடித்ததும் என் சிவப்புப் பேனாவை அவரிடம் நீட்டினேன். அதை வாங்கி, அரசாங்க முத்திரை போட்ட அந்த வரைபடத்தில், வடிகால் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பில் அடித்தார்.