சிவப்புக் காரின் சைலன்சர்

என் அக்காவின் கணவரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், ஒரு காரின் சைலன்சரைப் பற்றி எழுத இவனுக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று கேட்பீர்கள்.

அத்தான் ஓர் அமைச்சகத்தில் கொள்முதல் பிரிவில் அசிஸ்டென்ட். செக்‌ஷன் ஆபீசர் ஆவதற்கான இலாகாத் தேர்வை மூன்று முறை எழுதி மூன்று முறையும் தோற்றவர். அதனால் ஆபீசில் கிடைக்காத அதிகாரத்தை வீட்டில் வைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் ஒரு பிரஷர் குக்கர் வாங்குவதற்கு மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டு அட்டவணை போட்டு, தனக்குத் தானே குறிப்பு எழுதி, தானே அனுமதி வழங்கிக்கொண்ட மனிதர். பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதி அவருக்கு ஆபீசில் வரவே இல்லை. வீட்டில் பச்சை மைதான். குரலை உயர்த்த மாட்டார். கத்துகிற ஆளாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வெறுப்பு இருந்திருக்காது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் டெல்லி முனிர்காவில் ஓர் அறையில் இருந்துகொண்டு வேறோர் அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்தேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம். எனக்கு மோட்டார் பைத்தியம். தாயகம் திரும்பும் தூதரக அதிகாரி ஒருவருடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஏலத்துக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் நான்தான் அத்தானிடம் ஓடினேன். இரண்டே பேர் உட்காரும் இங்கிலீஷ் கார். வெளுத்த சிவப்பு. முன்பு வைத்திருந்த யாரோ அதில் சூப்பர்சார்ஜர் பொருத்தியிருந்தார்கள். காற்றை அமுக்கி என்ஜினுக்குள் வலுக்கட்டாயமாகத் தள்ளுகிற கருவி அது. அது சுழல ஆரம்பித்ததும் வண்டி முதுகில் உதைத்த மாதிரி பாயும். பணத்தில் பாதி அவர், பாதி நான். ஆனால் பதிவு அவர் பெயரில், ஏனென்றால் கார் நிறுத்த இடம் இருந்தது கோல் மார்க்கெட்டில் அவருடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அடியில் படுத்து ரிப்பேர் பார்ப்பேன். மற்ற ஆறு நாளும் அவர் ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போவார். ஸ்கூட்டரில் வரும் மேலதிகாரிகள் பார்க்க வேண்டும், அவருக்குத் தேவை அவ்வளவுதான்.

பஸ்ஸில் போய்வந்த காலத்தில் அவர் வீடு திரும்பும் நேரம் மாறாது. கார் வந்த பிறகு நினைத்தபோதெல்லாம் வர ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார், பதினொரு மணிக்கு மறந்துபோன மூக்குக் கண்ணாடிக்கு வருவார். இதனால் ஆபத்து வந்தது என் அக்காவுக்கு.

அக்கா எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. மத்திய அரசு அசிஸ்டென்ட் வேலைக்கான தேர்வுக்கு அவள் ரகசியமாகப் படித்துக்கொண்டிருந்தாள். மகள் பள்ளிக்கூடம் போன பிறகு சாப்பாட்டு மேஜையில் வினாத்தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவாள். புத்தகங்கள் அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கும். வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது, விட்டால் அவ்வளவுதான். வேலைக்குப் போகட்டுமா என்று முன்பு ஒருமுறை வெளிப்படையாகவே கேட்டிருக்கிறாள். “வீட்டுக்கு ஒரு அசிஸ்டென்ட் போதும்” என்று அத்தான் சொல்லிவிட்டார். அவள் முதல் முயற்சியிலேயே தேறிவிடுவாள் என்பது அவருக்கும் தெரியும். அதுதான் அவரைக் குடைந்தது.

அப்போது அவளைக் காப்பாற்றியது அந்தக் காரின் ஓட்டை சைலன்சர். தூதரகக்காரர் காலத்திலேயே துருப்பிடித்துப் பெட்டி முழுக்கச் சல்லடையாகியிருந்தது. மந்திர் மார்க் திருப்பத்தில் அவர் கியரை இறக்கும்போதே சத்தம் வீட்டுக்குக் கேட்கும். அங்கிருந்து வந்து, வேப்பமரத்தடியில் நிறுத்தி, உறை போட்டு, கதவைத் தட்ட நான்கு நிமிஷம். அதற்குள் மேஜையில் அப்பளக் கட்டும் வெங்காயமும் வந்துவிடும். அக்கா இதைச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. ஒரு பட்டதாரிப் பெண் சொந்த வீட்டில் திருடியைப் போலப் படிக்க வேண்டியிருப்பதை நினைத்தால் அந்த ஆளைக் காரோடு சேர்த்து யமுனையில் தள்ளலாம் போலிருக்கும்.

மாடிவீட்டில் இருந்த அண்டர் செக்ரட்டரி ஒருநாள் சத்தத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். தன்னைவிட உயர்ந்த கிரேடு முணுமுணுத்தால் அத்தானுக்குத் தூக்கம் வராது. அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னிடம், வேறு சைலன்சர் போட வேண்டும், சத்தமே இல்லாததாகப் பார், முறைப்படி மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் அக்கா என்னைப் பார்த்தாள். தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

காரையும் எடுத்துக்கொண்டு, மோட்டார் உதிரிபாகங்கள் விற்கும் காஷ்மீரி கேட்டில் கடை கடையாக அலைந்தேன். அந்தக் காருக்கென்று செய்த சைலன்சர் இந்தியாவிலேயே கிடையாது. முதல் கடையில் உள்நாட்டுக் காருக்கான பெரிய பெட்டியை வெட்டி ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள். பூனை நடப்பது போல ஓடும், ஆனால் குழாய் மிகவும் குறுகல். இரண்டாவது கடையில் ஏதோ ஒரு வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றியது இருந்தது. அதுவும் சத்தம் போடாது, விலைதான் வாயைப் பிளக்க வைத்தது. மூன்றாவது, ஒரு சர்தார்ஜியின் பட்டறை. அவர் காரின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, இந்த என்ஜின் சாதாரண என்ஜின் இல்லை, திணித்துத் திணித்துத் தின்கிறது, தின்றதெல்லாம் வெளியே போக அகலமான வழி வேண்டும் என்று இந்தியில் விளக்கினார். உள்ளே தடுப்பே இல்லாமல் நேராகப் போகும் துளையிட்ட குழாய், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு. விலையும் மூன்றில் அதுதான் குறைவு. வேறொரு வண்டியில் அவர் பொருத்தியிருந்ததை ஸ்டார்ட் செய்து காட்டினார். பக்கத்துக் கடைக்காரன் காதைப் பொத்திக்கொண்டான். நான் இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

இனி அத்தானை அவருடைய ஆயுதத்தாலேயே அடிக்க வேண்டும். அன்று அறையில் உட்கார்ந்து ஒப்பீட்டு அட்டவணை போட்டேன். விலை, தகட்டின் கனம், குழாயின் விட்டம், உத்தரவாதம் என்று பத்திகள். சத்தத்துக்குப் பத்தியே போடவில்லை. அட்டவணையில் இல்லாத ஒன்றை எங்கள் உலகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்து, பரிந்துரைக் குறிப்பு. எதையும் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு யோசனை ஓடும். எட்டு வருஷ ஆபீஸ் பழக்கம். முடிவு என்றால் கீழே காரணம் இருக்க வேண்டும், காரணம் என்றால் உண்மையானது முதலில் வர வேண்டும். கை தானாக ஆங்கிலத்தில் எழுதியது: மூன்றாவது சைலன்சரின் சத்தம் மந்திர் மார்க் திருப்பத்திலிருந்தே கேட்கும், புத்தகங்களை எடுத்துவைக்க அக்காவுக்கு நான்கு நிமிஷம் கிடைக்கும்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். உடனே அடித்தேன். அடிப்பதற்கும் எங்களுக்கு விதி உண்டு. சுரண்டக் கூடாது, மை பூசி மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு இழுத்து ஓரத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். அடித்தது என்ன என்பது பின்னால் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அப்படித்தான் அடித்தேன், சுருக்கொப்பமும் போட்டேன். கீழே இரண்டாவது காரணம் எழுதினேன்: சூப்பர்சார்ஜர் உள்ள என்ஜினுக்குக் குறுகலான குழாய் போட்டால் சூடு ஏறி வால்வு கருகும். அதுவும் உண்மைதான். அதை மட்டும் வேறு தாளில் நல்ல கையெழுத்தில் பிரதி எடுத்தேன். கொட்டேஷன்கள், அட்டவணை, வரைவு, பிரதி எல்லாவற்றையும் துளையிட்டு டேக்கில் கோத்து ஞாயிற்றுக்கிழமை அவரிடம் நீட்டினேன். வரைவையும் சேர்த்துத்தான். வரைவு இல்லாத ஃபைல் எங்கள் செக்‌ஷனில் ஒருநாளும் நகர்ந்ததில்லை. பத்து வயதுப் பையன்கூட அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பான். நான் வரிசை எண் போட்டுக் கோத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபைல் திரும்பி வந்தது. கடைசியில் பச்சை மையில் ‘அங்கீகரிக்கப்பட்டது’. எனக்கே நம்ப முடியவில்லை. மாடிவீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று கேட்டேன்.

“அவரை நான் பாத்துக்கிடுதேன்” என்றார் அத்தான். ஃபைலை ஒரு தட்டுத் தட்டிப் பீரோவுக்குள் வைத்தார். “காரணம் நல்லா எழுதியிருக்க, மாப்ளே.”

மூன்று தேர்வில் தோற்ற மனிதனை அவன் விதிமுறையாலேயே மடக்கிவிட்டேன் என்ற கர்வத்தில் பஸ் ஏறினேன். ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு போனதாக ஞாபகம்.

சர்தார்ஜி ஒரே நாளில் பொருத்திக் கொடுத்தார். பழைய ஓட்டைச் சத்தம் கரகரவென்று இருக்கும். இது அடித்தொண்டையிலிருந்து வரும் உறுமல், அதற்கு மேலே சூப்பர்சார்ஜரின் மெல்லிய ஊளை. மந்திர் மார்க் என்ன, அதற்கு முந்தைய திருப்பத்திலேயே கேட்டது. நான்கு நிமிஷம் ஆறு நிமிஷமானது. அக்கா துணிந்துவிட்டாள். முன்பெல்லாம் படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே புத்தகத்தை மூடுகிறவள், இப்போது கார்ச் சத்தத்துக்கு மட்டும் காதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக எழுதிப் பழகினாள். இப்படிக் கவலையில்லாமல் படித்தே பல வருஷமாகிறது என்றாள். ஹால் டிக்கெட் என் முகவரிக்கு வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோல் மார்க்கெட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஓர் அரசுப் பள்ளியில். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவாள், நான் பள்ளி வாசலில் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. அந்த வாரம் முழுக்க நான் அவளைப் பார்க்கவில்லை. என் அறையில் டெலிபோனும் கிடையாது. இரண்டு பேனா, பென்சில், அவளுக்குப் பிடித்த வேர்க்கடலை மிட்டாய் எல்லாம் பையில் வைத்துக்கொண்டு மணியடிக்க அரைமணி முன்பே போய் நின்றேன்.

பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அக்காவைக் காணோம். முதல் மணி அடிக்கிற சமயத்தில் தூரத்தில் அந்த உறுமல் கேட்டது. டெல்லியில் அப்படிச் சத்தம் போடும் கார் வேறு எதுவும் இல்லை. ஒரு நிமிஷம் எனக்கு அந்த மனிதர் மேல் பிரியமே வந்துவிட்டது, அவமானத்தோடு சொல்கிறேன். எல்லாம் தெரிந்து, மனம் மாறி, அவரே கொண்டுவந்து விடுகிறார் என்று நினைத்தேன். ரோட்டின் ஓரத்துக்கு ஓடினேன்.

கார் வந்தது. பக்கத்து இருக்கையில் அக்கா, பட்டுப்புடவையில். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. என்னைப் பார்த்தார், ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தார். வாசலில் நின்ற காவல்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். அக்கா திரும்பவில்லை. கார் போய் மறைந்த பிறகும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் தேர்ந்தெடுத்த சைலன்சர் அல்லவா, அது கேட்கத்தான் செய்யும். இரண்டாவது மணி அடித்துக் கேட்டைச் சாத்தினார்கள்.

சாயங்காலம் கோல் மார்க்கெட்டுக்குப் போனேன். அவரை அடித்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அவர் இல்லை, காரை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார். அக்கா சமையலறையில் நின்று சொன்னாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் காரை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நிறுத்திவிட்டு, பெருங்காயமும் அப்பளமும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் வந்து இறங்கிக் கதவைத் தட்டியிருக்கிறார். தபால்காரன் என்று நினைத்து இவள் பேனாவும் கையுமாகப் போய்த் திறந்திருக்கிறாள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மேஜையில் கிடந்த ஹால் டிக்கெட்டை எடுத்து, தேதியும் இடமும் படித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பாடு போடச் சொல்லியிருக்கிறார். அப்புறம் பீரோவிலிருந்து அந்த ஃபைலை எடுத்துவந்து, வரைவுத் தாளை விரித்து, அடித்த வரியின் மேல் விரலை வைத்து இவளைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். சத்தமாக.

அந்தச் சைலன்சரை அவர் ஏன் அங்கீகரித்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. சத்தமில்லாத கார் இருந்தால் இவள் எப்போதும் உஷாராக இருப்பாள். காதைப் பிளக்கும் கார் இருந்தால், அது கேட்காதவரை கவலையில்லாமல் இருப்பாள்.

அவன் ஒரு மனுஷனா என்று கத்தினேன். கொன்றுவிடுவேன் என்றேன். அக்கா ஸ்டவ்வை அணைத்தாள். என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் அத்தனை வெறுப்பை நான் அதுவரை பார்த்ததில்லை, அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“அவுக குணம் எனக்குத் தெரியும்ல. தெரிஞ்சுதான் ஒளிச்சு வச்சேன்” என்றாள். “ஒன்னய யாரு காரணம் எழுதச் சொன்னா?”

வெளியே, இரண்டு திருப்பம் தாண்டி, கார் வரும் சத்தம் கேட்டது. அவள் மேஜையைத் துடைக்கப் போனாள். மேஜையில் எடுத்துவைக்க ஒன்றும் இல்லை.