இருபத்திரண்டாம் எண் கிழங்கு

பூவுக்குப் பூ கல்யாணம் செய்து வைப்பதுதான் சத்தியசீலனின் வேலை. சம்பளச் சீட்டில் வேறு என்னவோ எழுதியிருக்கும். மலாய் நாட்டில் குருண் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கிழங்கு ஆய்வுப் பண்ணையில் முப்பத்தி நான்கு வருடமாக அவர் செய்துவருவது இது ஒன்றைத்தான். மரவள்ளிச் செடியில் பெண் பூ அவசரக்காரி, முதலில் விரிந்துவிடும். அதே கொத்தில் இருக்கும் ஆண் பூ பத்து நாள், பதினைந்து நாள் கழித்துத்தான் கண் திறக்கும். அதற்குள் பெண் பூ உதிர்ந்து போயிருக்கும். ஆகவே வேறொரு செடியிலிருந்து ஆண் பூவைக் கொண்டு வந்து, மத்தியான வெயிலில், பெண் பூவின் தலையில் மெல்லத் தேய்த்து, துணிப்பை கட்டி, சீட்டுத் தொங்கவிட வேண்டும். சத்தியசீலன் கை வைத்தால் பத்துக்கு ஏழு காய் பிடிக்கும். இத்தனை கல்யாணம் செய்து வைத்த மனிதருக்குச் சொந்தக் கல்யாணம் ஆகவில்லை. தங்கைகள் இரண்டு பேரைக் கரையேற்றினார், அம்மாவின் படுக்கைக்குப் பக்கத்தில் பதினோரு வருடம் உட்கார்ந்தார், எழுந்து பார்த்தபோது வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆகவில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. தாய்லாந்து ஆய்வுக்காரர்கள் விதையும் அதன் தாய் தகப்பன் செடியும் தருவார்கள், குருண் பண்ணை செடியாக்கும், பாலிங் ஊர்ப் பக்கத்தில் கிழங்கு போடுகிறவர்கள் தங்கள் நிலத்தில் நட்டு, அவித்துத் தின்று, எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்வார்கள். படித்தவர்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்து எடுத்த ரகங்களை ஊரில் ஒருவரும் சீண்டவில்லை என்பதால் வந்த ஞானம் இது. திட்டத்தைப் பார்த்துக்கொண்ட டாக்டர் ஷாமளா, முப்பது வயதுப் பெண், ஒரு விதி வைத்திருந்தார். நாற்பது செடியில் எதுவானாலும், ஒரே ஒருவர் ‘சூக்கா’, அதாவது பிடித்தது, என்ற கட்டத்தில் கோடு போடச் சொன்னால் போதும், அது அடுத்த சுற்றுக்குப் போகும். ஒருவரும் சொல்லாவிட்டால் ‘தோலாக்’. தள்ளிவிட வேண்டியதுதான். நோய் பரவக் கூடாது என்று அதன் தண்டையும் வெட்டி எரித்துவிடுவார்கள்.

பாலிங்கில் செடி நட்டவர்களில் ஒருவர் இராசாத்தி. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரப்பர் தோட்டத்து ஓரமாக இரண்டு ஏக்கர் நிலம், வாரம் ஒரு நாள் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் அவித்த கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் விற்கும் கடை. சத்தியசீலன் மாதம் ஒரு முறை ஆபீஸ் காடியில் போய்ச் செடியின் உயரம் அளப்பார், இலையைத் திருப்பிப் பூச்சி பார்ப்பார். இராசாத்தி கூடவே நடந்து, அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். "இந்தச் செடி சரியான சோம்பேறி லா அண்ணே" என்பார். முதல் வருடம் முழுக்க அண்ணே. இரண்டாம் வருடத்தில் எப்போதோ அந்த அண்ணே நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறு எதுவும் வரவில்லை. வெறுமனே "வாங்க", "சாப்டீங்களா", "இந்தப் பக்கம் பாருங்க". நம் பெண்கள் ஒரு ஆளை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்தினால் அதற்கு என்ன அர்த்தம் என்று சத்தியசீலன் குருண் வரைக்கும் யோசித்துக்கொண்டே காடி ஓட்டினார். அதைக் கேட்கும் தைரியம் மட்டும் அவருக்கு வரவில்லை.

மூன்றாம் வருடம் கிழங்கைத் தோண்டி, நாற்பதையும் தனித்தனியாக அவித்து, தட்டில் எண் எழுதி வைத்தார்கள். பன்னிரண்டு பேர் ருசி பார்த்தார்கள். சத்தியசீலன் கையில் போராங், மலாயில் அச்சடித்த படிவம். ஆளாளுக்குத் தமிழில் சொல்வதைக் கேட்டுக் கட்டத்தில் கோடு போட வேண்டும். இருபத்திரண்டாம் எண்ணை மற்றவர்கள் யாரும் மதிக்கவில்லை. கிழங்கு சின்னது, விளைச்சல் குறைவு. இராசாத்தி ஒரு துண்டை வாயில் போட்டார், மென்றார், தட்டைக் கீழே வைத்தார்.

"போதும்" என்றார். அதற்குப் பிறகு மிச்சம் இருந்த பதினெட்டு எண்ணையும் அவர் தொடவில்லை.

சத்தியசீலன் ‘தோலாக்’ கட்டத்தில் கோடு போட்டார். பிறகு சட்டியில் கிடந்த ஒரு துண்டைத் தானும் தின்று பார்த்தார். மாவாக மலர்ந்து, நெய் விட்டது போல் இறங்கியது. இதையா வேண்டாம் என்கிறார் என்று நினைத்தார். வாய்க்கு வாய் ருசி மாறும், நமக்கென்ன என்று படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அடுத்த வாரம் இராசாத்தி மகள் வீட்டுக்குப் போயிருந்த நாளில் சத்தியசீலன் ஆட்களோடு வந்து, தள்ளிய செடிகளை எல்லார் நிலத்திலும் பிடுங்கி எரித்துவிட்டுப் போனார். பண்ணையில் இருந்ததும் எரிந்தது.

மறுமாதம் இராசாத்தி கேட்டார். "இருபத்திரெண்டு எங்க?"

"அதான் எரிச்சாச்சே. நீங்கதானே போதும்னீங்க?"

"ஆமா. இது ஒண்ணே போதும், இனிமே வேற ஒண்ணும் வேணான்னுதான் சொன்னேன்." இராசாத்தி அவரைத் திட்டவில்லை. கருகிப் போயிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வாயில வெச்சதும் ரொம்ப நாளைக்கப்புறம் மனசு நெறஞ்சிருச்சு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் சத்தியசீலன் தாங்கியிருப்பார்.

அவர் நேராக டாக்டர் ஷாமளாவிடம் போய் நின்றார். அந்தக் கிழங்கின் அப்பன் செடியும் ஆத்தாள் செடியும் பண்ணையில் உயிரோடுதானே இருக்கின்றன, மறுபடி கட்டி வைத்தால் என்ன என்று கேட்டார்.

"அதே அப்பா, அதே அம்மாதான் அங்கிள். ஆனா அதே பிள்ளை திரும்பப் பொறக்காது. ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு விதம். ருசி ஒருவேளை பக்கத்துல வரலாம்" என்றார் டாக்டர். சத்தியசீலனின் முகத்தைப் பார்த்து மனம் இளகி, வருடத்துக்கு ஐம்பது கன்றுக்கு ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தார். தேறுவதை இராசாத்தியிடம் ருசி காட்டி வரவும் அனுமதி கொடுத்தார்.

திட்டத்தின் அளவெடுப்பு முடிந்துவிட்டதால் மாதப் பயணம் நின்றது. வருடத்துக்கு ஒரே ஒரு நாள் பாலிங். மற்ற நாளெல்லாம் சத்தியசீலன் அந்த இரண்டு செடிக்கு முன்னால் நின்று பூ தேய்த்தார். ஒரு காய்க்கு மூன்று விதைக்கு மேல் கிடைக்காது. ஒவ்வொரு விதையையும் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது, இது அதுவாக இருக்க வேண்டும் என்று ஒரு மனம் வேண்டிக்கொள்ளும். அதுவாக இருந்துவிட்டால் அப்புறம் பாலிங்குக்குப் போக என்ன சாக்கு என்று இன்னொரு மனம் பதறும். இரண்டும் அவருடைய மனம்தான். ஐந்து வருடம் கொண்டுபோனார். ஐந்து வருடமும் இராசாத்தி மென்று பார்த்து, "இது இல்ல" என்றார். சத்தியசீலன் வருத்தப்பட்ட முகத்தோடு காடியில் ஏறி, பாதி வழியில் தன்னையறியாமல் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்.

இந்த வருடம் பாட்டுக்கு வழியில்லை. டிசம்பரில் அவருக்கு அறுபது, பென்சென். டாக்டர் ஷாமளாவுக்கும் வேறு ஊருக்கு மாற்றல். கூடையில் நான்கு செடியின் கிழங்கு, ஒவ்வொன்றுக்கும் நடுவதற்கு ஒரு கட்டுத் தண்டுக் குச்சி. இதுதான் கடைசி. காலையில் சட்டையை இரண்டு முறை மாற்றிக்கொண்டு புறப்பட்டார்.

இராசாத்தி நான்கையும் அவித்தார். முதல் இரண்டும் அது இல்லை. மூன்றாவதைச் சத்தியசீலன் முதலில் வாயில் போட்டார். நாக்கு உடனே கண்டுகொண்டது. அதே மாவு, அதே மணம். ஒரு மனிதருக்குத் தான் செய்த தவறைச் சரிசெய்து முடித்த சந்தோஷம் வர வேண்டிய நேரம். அவருக்கு வந்தது அழுகை. இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு படிவத்தை எடுத்துப் பிரித்தார்.

இராசாத்தி ஒரு துண்டைத் தின்றார். இன்னொரு துண்டை எடுத்தார். சம்பலைத் தொடாமல் மூன்றாவது துண்டையும் தின்றார்.

"எப்படி?" என்றார் சத்தியசீலன்.

"இது இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த வாட்டி நான் தப்பா எழுதக் கூடாது."

"யோசிச்சுத்தான் சொல்றேன். அடுத்த வருஷம் பாப்போம்."

"அடுத்த வருஷம் எனக்கு வேலை இல்ல. காடியும் இல்ல."

இராசாத்தி நான்காவது துண்டை எடுத்தார். தட்டில் அதுதான் கடைசி. "அந்தக் குச்சிக்கட்ட இங்கயே நட்டுட்டுப் போங்க. பத்து மாசம் கழிச்சு நீங்களே வந்து புடுங்கிக் குடுங்க, தின்னு பாத்துட்டு முடிவாச் சொல்றேன்."

"பிடிக்காத கெழங்குக்கு எதுக்குக் குச்சி?"

இராசாத்தி கையில் இருந்த துண்டையும் வாயில் போட்டுக்கொண்டார். சத்தியசீலன் போராங்கில் கோடு எதுவும் போடாமல் மடித்துவிட்டு, குச்சியை எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கினார். இராசாத்தி மண்வெட்டியோடு பின்னால் வந்தார். ஏழு குச்சி. சத்தியசீலன் ஒவ்வொன்றாக, முளைக்கண் மேலே பார்க்க, சாய்த்து நட்டார். கடைசிக் குச்சிக்கு மண் அணைக்கும்போது தலை நிமிராமல் சொன்னார்.

"பத்து மாசம் ரொம்ப நாளாச்சே."

"ஆறு வருஷமா வருஷத்துக்கு ஒரு நாள்னு வந்தீங்க" என்றார் இராசாத்தி. "நடுவுல வரக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"