அலமாரிக்குப் பின்னால் இருந்த தம்பி

முடிதிருத்துகிறவரைப் படைக்குப் பிடித்துப்போக ஆட்கள் வந்தபோது, அவர் மனைவி முந்திக்கொண்டாள்.

"குண்டு விழுந்த ரயில்ல போயிட்டாருங்க, உடம்புகூடக் கிடைக்கலைங்க" என்று தெருவே கூடும்படி அழுதாள். அவரோ அலமாரிக்குப் பின்னால், கால் நீட்ட முடியாத இடுக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

அன்று முதல் அதுதான் அவருக்கு வீடு. உலகமே அடித்துக்கொண்டு செத்தது. அவர் இருமலைக்கூட விழுங்கினார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டால், "செத்தவருக்கு இவ்வளவு பசி ஆகாதுங்க" என்பாள் மனைவி. அவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

ஒருவழியாகப் போர் ஓய்ந்தது. ஒளிந்திருந்தவர்களுக்கு மன்னிப்பு என்று வானொலி சொன்னது. மனைவி அலமாரியைப் பாதி நகர்த்தியிருப்பாள், வாசலில் அவருடைய அக்காவின் குரல் கேட்டது. அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

"வாங்க அண்ணி, நல்ல சேதி ஒண்ணு..."

"எனக்கென்னடி இனி நல்ல சேதி? என் மகன் போயிட்டான். 'மாமாவைக் கொன்னவங்களை விடமாட்டேன்'னு தானா போய்ப் படையில சேர்ந்தானே, தடுத்தும் கேக்கலையே! அங்கயாவது என் தம்பி அவனைப் பார்த்துக்குவான். அந்த ஒரு ஆறுதல்தான்."

உள்ளே அவர், தோளில் தூக்கி வளர்த்த பிள்ளைக்காக வாய்விட்டு அழவும் வழியில்லாமல் நின்றார். எதிரே பாதி திறந்த வழி. இரண்டு எட்டு வைத்தால் அக்காவின் கையைப் பிடிக்கலாம். பிடித்து என்ன சொல்வது?

சத்தம் வராமல் அலமாரியை உள்ளேயிருந்தே இழுத்து மூடிக்கொண்டார். அக்கா கண்மூடும்வரை அவர் வெளியே வரவே இல்லை.