அட்டை வாங்காத பாக்கியம் அக்கா

பாக்கியம் அக்கா போய்விட்டார். காலையில் திருப்புல்லாணியிலிருந்து அவர் மகன் போன் செய்தார்... தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாம்.

தொண்ணூறைத் தாண்டிய வயது. ஆனாலும் போனை வைத்ததும் சட்டையை எடுத்து மாட்டினேன்.

இந்த முகநூல் பக்கத்தில் இருக்கும் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. அறுபதுகளின் தொடக்கத்தில், நான் கிளார்க்காக வேலை பார்த்த உப்பளத்தின் வாசலில் பதநீர் விற்றவர்.

அது மதுவிலக்குக் காலம். பீர் பார் என்ற வார்த்தையையே எங்கள் பக்கம் யாரும் கேட்டதில்லை. உப்புப் பாத்தியில் வெயிலில் வெந்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு டீக்கடை, அதை விட்டால் அக்காவின் பானை. அவ்வளவுதான்.

அங்கே மேஸ்திரி ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு அட்டை. டீ குடிக்கக் கையில் காசு வேண்டாம், அட்டையை நீட்டினால் கடைக்காரர் ஒரு கோடு போடுவார். சனிக்கிழமை கூலியில் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்போம்.

கழிக்கிற வேலை என்னுடையது.

பதநீருக்கும் அட்டைதான் என்று மேஸ்திரி ஒருநாள் அக்காவிடம் சொன்னார். அக்கா பானையிலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"எனக்கு அட்டை வேண்டாம் மேஸ்திரி. காசு குடுத்தா பதநீ. இல்லாதவுகளுக்குத் தண்ணி இருக்கு, சும்மா குடிச்சுட்டுப் போகட்டும்."

"வர்ற யாவாரத்த ஏன்த்தா வேண்டாங்கிற?"

"போன வருசம் நானும் இங்கன உப்பு வாருனவதான. என் அட்டையில நாப்பது டீ இருந்துச்சு. எனக்கு டீ குடிக்கிற பழக்கமே இல்ல."

சொன்னது மேஸ்திரியிடம். பார்த்தது என்னை.

அந்தக் கோடுகளைக் கூட்டிக் கழித்தவன் நான்தான். யார் போட்ட கோடு என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை... டீக்கடை மேஸ்திரியின் மச்சினனுடையது என்று தெரிந்தும்.

வார நடுவில் யார் கையில் காசு இருக்கும்? அக்காவின் வியாபாரம் படுத்துவிட்டது. பாதிப் பானை திரும்பிப் போகும். சாயங்காலம் அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவார்.

பனையேறும் அவர் வீட்டுக்காரரே ஒருநாள் வாசலில் வந்து கத்தினார். "அந்தக் கோட்டத்தான் போட்டுத் தொலையேன்!"

"நீ மரத்தப் பாரு. வாசல நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா.

அக்கா சொன்னது பரவி, மெல்ல மெல்லப் பெண்கள் டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். கூலியில் மிச்சம் பிடித்த பத்து பைசாவை முந்தானையில் முடிந்துகொண்டு அக்காவிடம் வர ஆரம்பித்தார்கள்.

மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை. அவள் விற்பது பதநீர் இல்லை, கள் என்று போலீசில் சொல்லிவிட்டார்.

நல்ல மத்தியான வெயிலில் ஏட்டு சைக்கிளில் வந்து இறங்கினார். மேஸ்திரி ஒரு காகிதத்தை என் கையில் திணித்தார். இவளிடம் நான் கள் வாங்கிக் குடித்தேன் என்று எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடு. இல்லைன்னா திங்கக்கெழமை வேலைக்கு வராத."

எனக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் அய்யா படுத்த படுக்கை, என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. பேனாவைத் திறந்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா அழவில்லை. கெஞ்சவில்லை. ஓலைப் பட்டையில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"குடிங்க தம்பி. நாக்கு என்ன சொல்லுதோ அத எழுதுங்க."

குடித்தேன். தித்திப்பு... கடைசியில் லேசாகச் சுண்ணாம்பு வாசனை.

"பதநீர்தான் ஏட்டையா" என்றேன். காகிதத்தை மேஸ்திரியிடமே திருப்பிக் கொடுத்தேன்.

ஏட்டு பானைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். விரலெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு. புளிக்காமல் இருக்கத்தானே அதைப் போடுவது... அவருக்கும் புரிந்துவிட்டது. ஒரு பட்டை வாங்கிக் குடித்தார். இன்னொன்றும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

"ஏட்டையா, காசு."

உப்புக் கூடையோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். "ஏய், யாருகிட்ட கேக்குறன்னு தெரியுதா?" என்று மேஸ்திரி பாய்ந்தார்.

ஏட்டு சைக்கிளை மறுபடி ஸ்டாண்டில் நிறுத்தினார். பிறகு பையில் கையை விட்டு, இரண்டு பட்டைக்கும் எண்ணிக் கொடுத்தார்.

"நீங்களும்தான் தம்பி" என்றார் அக்கா என்னைப் பார்த்து.

அந்தச் சனிக்கிழமை பதினேழு பெண்கள் வரிசையாக வந்து அட்டையை என் மேசையில் வைத்தார்கள். "கோட்டுக் கணக்கு எங்களுக்கு வேண்டாம். முழுக் கூலியையும் கையில குடுங்க" என்றார்கள். கூலி வாங்காமல் உப்பு அள்ள மாட்டோம் என்று அங்கேயே உட்கார்ந்தும்விட்டார்கள்.

வெளியே இரண்டு லாரிகள் லோடுக்காக நின்றன. முதலாளி லாரியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். "குடுத்துருப்பா" என்றார். அன்றோடு பெண்களுக்கு அட்டை ஒழிந்தது. ஆண்களுக்கு அது மேலும் பல வருடம் ஓடியது என்று கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை என்னை உள்ளே விடவில்லை. திரும்பும்போது அக்காவின் பானையருகே நின்றேன். "உங்க கூலியக் கழிச்சது நான்தான்க்கா" என்றேன்.

"தெரியும்" என்றார். அடுத்த ஆளுக்குப் பட்டையை நீட்டினார். மன்னிப்பை நானும் எதிர்பார்க்கவில்லை.

பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை கிடைக்கும்வரை மூன்று மாதம் வீட்டில் கஷ்டம்தான். வருத்தப்பட்டேனா என்றால்... இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறார்களாம். உச்சிப்புளியில் பஸ் ஏறி உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன். ராமநாதபுரத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். இந்த முழங்காலோடு எதற்கு என்று வீட்டில் தடுத்தார்கள், கேட்கவில்லை.

வந்துக்கிட்டே இருக்கேன்க்கா.