டெல்மர் ப்ரூயிட்டின் முதல் பந்து

வாய்க்குள் பல் டாக்டரின் இரண்டு விரல்களும் ஒரு சின்னக் கண்ணாடியும் இருந்தன. அந்த நிலையிலும் டெல்மர் ப்ரூயிட் தலையை ஆட்டினார்.

"அப்ப சனிக்கிழமை முதல் பந்து நீளமா எறியறோம். இடது பக்கமா. சரிதானே கோச்?" என்று கேட்ட டாக்டர் லைல், பதிலுக்காக விரலை வெளியே எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. டெல்மரிடம் எதைக் கேட்டாலும் பதில் கழுத்திலிருந்துதான் வரும். டாக்டர் மனம் குளிர்ந்துபோய் அடுத்த ஊசியை வலிக்காமல் போட்டார்.

அலபாமாவில் ஹாலிஸ்பரி என்ற ஊரின் கல்லூரி அணியில் டெல்மர் ஒரு கோச். ஆட்டத்துக்குப் பேர்தான் கால்பந்து. காலுக்கு அதில் வேலை கொஞ்சம்தான். பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், நடுவில் எருமைகளைப் போல முட்டிக்கொள்வார்கள். பந்து கைக்கு வந்தால் நாலு முயற்சிக்குள் பத்து கஜமாவது முன்னேற வேண்டும். பந்து தங்கள் பையன்கள் கையில் இருக்கும்போது ஓடுவதா, எறிவதா, முட்டுவதா என்று ஒவ்வொரு தடவையும் முடிவு செய்வது டெல்மரின் வேலை. மைதானத்துக்கு மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து, காதில் மாட்டிய கருவி வழியாகக் கீழே நிற்கும் தலைமை கோச் வாலஸ் டக்கெட்டுக்குச் சொல்வார். ஜெயித்தால் பெயர் டக்கெட்டுக்கு. தோற்றால் அது டெல்மர் சொன்ன யோசனை.

போன வருஷம் தோல்விதான் அதிகம். அதைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். பொறுக்க முடியாமல் போனது டெல்மரின் முதல் பந்து. ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் பந்தை, இருப்பதிலேயே பெரிய பையனிடம் கொடுத்து நேராக நடுவில் முட்டச் சொல்வார். ஒரு கஜம் கிடைக்கும், மிஞ்சினால் இரண்டு. ஏன் இப்படி என்று கேட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை வாயைத் திறந்து சொல்வார்: "கதவைத் தட்டிப் பாக்காம உள்ள யாரு இருக்கான்னு எப்படித் தெரியும்?" முட்டும்போது எதிராளிகளில் யார் எந்தப் பக்கம் ஓடி வருகிறான் என்று மேலிருந்து பார்ப்பதுதான் அவருக்கு முக்கியம். ஊருக்கு அது முக்கியமில்லை. காலையிலிருந்து வெயிலில் கறி சுட்டு, முகத்தில் சாயம் பூசி, தொண்டை கிழியக் கத்திவிட்டு, இரண்டு கஜத்தைப் பார்ப்பதற்கா மனிதர்கள் வருகிறார்கள்?

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தப் பக்கங்களில் ஒரு கோச்சைத் துரத்த வேண்டுமென்றால், அவர் வீட்டுப் புல்வெளியில் 'வீடு விற்பனைக்கு' என்று ஒரு பலகையை நட்டுவிடுவார்கள். தோற்ற பிறகு நடுவதுதான் மரியாதை. இந்த வருஷம் அந்த மரியாதையும் போய்விட்டது. ஒரு ஆட்டம்கூட ஆடாத ஆகஸ்டிலேயே இரண்டு பலகைகள் முளைத்துவிட்டன. டெல்மரின் மனைவி ரமோனா அவற்றைப் பிடுங்கி, பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, குச்சிகளைத் தக்காளிச் செடிக்கு முட்டாகக் கொடுத்தாள். "நல்ல தேக்கு மாதிரி இருக்கு டெல்மர். இன்னும் ரெண்டு வேணும். ஒரு ஆட்டம் தோத்துட்டு வாயேன்" என்றாள்.

அவர் காலைச் சாப்பாடு மிஸ் அடேலின் கடையில். கல்யாணமானவளைக்கூட அந்தப் பக்கங்களில் மரியாதைக்கு 'மிஸ்' என்பார்கள். நேற்றைய காப்பியைச் சூடுபண்ணாமல் அப்படியே குடிப்பார். புதிதாகப் போட்டுக் கொடுத்தால் ஆறும்வரை முறைத்துக்கொண்டிருப்பார். தன் மேஜை, பக்கத்து மேஜை என்று பார்க்காமல் உப்பு, மிளகு, கெச்சப், கடுகுச் சாறு எல்லாவற்றையும் எடுத்து, ஆட்டக்காரர்களைப் போல அணிவகுத்து நிறுத்துவார். பக்கத்து மேஜையில் அவை இல்லாமல் முட்டை சாப்பிடுகிறவர்கள், அவர் தலை நிமிர்ந்ததும் ஆளுக்கொன்றாக நகர்த்தி யோசனை சொல்வார்கள்.

"கோச், என் கெச்சப் பாட்டிலுக்கே மூச்சு வாங்குது" என்றாள் மிஸ் அடேல், தட்டை வைத்துக்கொண்டே. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த மிளகு டப்பா இருக்கு பாருங்க, நம்ம சின்னப் பையன், காத்து மாதிரி ஓடுவான். அவன் கைக்கு முதல் பந்து போகட்டும். எங்க வீட்டுக்காரர் நெஞ்சுவலி வந்து எந்திரிச்சவரு, அவரு கண்ணால பாக்கணும்."

டெல்மர் தலையை ஆட்டினார். இப்படிக் கேட்டால் யார்தான் ஆட்டமாட்டார்கள்? ஆனால் டயர்க்கடை பட் க்ரெய்டனுக்கும் ஆட்டியிருந்தார். பந்தை வாங்கினவன் எறிந்தவனுக்கே திருப்பிக் கொடுத்து, அவன் மறுபடி எறிய வேண்டும் என்பது பட்டின் யோசனை. கனவில் வந்ததாம். போதகரின் யோசனைக்கும் ஆட்டினார். தேவாலயத்தில் வேறு என்ன செய்வது? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். டெல்மர் வாயைத் திறக்காமலே கெடுகிறவர்.

வருஷத்தின் முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் இருக்கையில், புதன்கிழமை பயிற்சியில், வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, டக்கெட் எல்லோர் முன்னாலும் அவரைக் கூப்பிட்டார்.

"டெல்மர், நல்லா கேட்டுக்கய்யா. முதல் தடவை பந்து நம்ம கைக்கு வருதுல்ல, அந்தத் தடவையே பாயிண்ட் வரணும். வரலேன்னா காதுல இருக்கறதக் கழட்டி ப்ரெஸ்லி கையில குடுத்துடு. மீதி ஆட்டத்தையும் மீதி வருஷத்தையும் அவன் பாத்துக்குவான். நடுவுல போய் முட்டற கதையே வேண்டாம். நீளமா எறி. புரிஞ்சுதா?"

டெல்மர் தலையை ஆட்டினார். ப்ரெஸ்லி பந்து பிடிக்கிற பையன்களுக்கு கோச். விசிலை வாயில் வைத்துக்கொண்டே பிறந்தவனைப் போன்ற இளைஞன். அவன் டெல்மரின் காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காதிலிருந்து கருவி கழன்றால் டிசம்பருக்குள் வேலை கழலும். வேலை கழன்றால் ஊரும் கழலும். இதற்கு முன் ஆறு ஊர்கள் அப்படித்தான் கழன்றன. ஒவ்வொரு தடவையும் ரமோனா முணுமுணுக்காமல் பெட்டி கட்டினாள். இங்கேதான் முதல்முதலாக எல்லாப் பெட்டிகளையும் பிரித்தாள். உயர்நிலைப் பள்ளியில் பாட்டு டீச்சரானாள். குழந்தைகள் அவளைக் கண்டால் நடைபாதையிலேயே பாட ஆரம்பித்துவிடும். சமையலறைக்குத் தானே மஞ்சள் வண்ணம் அடித்தாள். ஜூலையிலேயே சொல்லிவிட்டாள்: "அடுத்த ஊருக்கு நீ மட்டும் போ. லீவுக்கு வந்து பாத்துட்டுப் போ." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான் என்று டெல்மருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை தேவாலயக் கூடத்தில் அணிக்கு விருந்து. பொரித்த கெளுத்தி மீனுக்கு வரிசையில் நின்றபோதுதான் குட்டு உடைந்தது.

"நாளைக்கு என் யோசனைதான். கோச்சே ஒத்துக்கிட்டாரு" என்றார் பட் க்ரெய்டன்.

"உன்னுதா? என் நாற்காலியில வாயைப் பொளந்துக்கிட்டு எனக்கு ஒத்துக்கிட்டாரய்யா" என்றார் பல் டாக்டர்.

"வாயில கையை விட்டுக் கேட்டா எவன்தான் மாட்டேம்பான்?"

"உன் டயர் மாதிரிதான் உன் யோசனையும். பாதி வழியில காத்து போயிடும்."

இருவரும் மீன்தட்டோடு டெல்மரிடம் வந்தார்கள். என்னுதுதானே என்று ஒருவர் கேட்க ஆட்டினார். என்னுதுதானே என்று மற்றவர் கேட்க அதற்கும் ஆட்டினார். இருவரும் வெற்றியோடு திரும்பிப் போனார்கள். பார்த்துக்கொண்டிருந்த மிஸ் அடேல், "கழுத்துக்கு எண்ணெய் போடுங்க கோச், தேஞ்சிடப் போகுது" என்றாள்.

சனிக்கிழமை காலை மஞ்சள் சமையலறையில் சோளக்கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"எல்லாருக்கும் ஒத்துக்கிட்டேன்" என்றார் டெல்மர். மனைவியிடம் மட்டும் அவருக்குப் பேச்சு வரும்.

"தெரியும். நம்ம கல்யாணத்துக்கு எங்கப்பா ஒரு தேதி சொன்னாரு, உங்கம்மா ஒரு தேதி சொன்னாங்க. ரெண்டுக்கும் ஆட்டினவன்தானே நீ."

"கடைசியில நடந்துச்சுல்ல?"

"நான் சொன்ன தேதியில."

"சரி, இதுக்கும் நீயே சொல்லு. முதல் பந்து என்ன?"

ரமோனா கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு இந்த ஆட்டம் ஒரு இழவும் புரியாது. வேலை போனா நான் இங்கதான் இருப்பேன், அதுல மாத்தமில்ல. ஆனா ஒண்ணு. உன் புத்தியில தோணினதைச் செஞ்சு வேலை போச்சுன்னா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவேன். பல் டாக்டர் பேச்சைக் கேட்டு வேலையைத் தொலைச்சுட்டு வந்தே, தக்காளி பக்கத்துல உன்னையும் நட்டுடுவேன்."

மதியம் மைதானம் நிரம்பி வழிந்தது. கண்ணாடி அறைக்கு நேர் கீழே பல் டாக்டர், பட், மிஸ் அடேல், நெஞ்சுவலி வந்து எழுந்த அவள் கணவர். எல்லோரும் தங்கள் தங்கள் யோசனையைப் படமெடுக்கக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பந்து ஹாலிஸ்பரி பையன்கள் கைக்கு வந்தது.

"எறியறோம்தானே?" என்று காதுக்குள் கேட்டார் டக்கெட்.

டெல்மர் தலையை ஆட்டினார். கம்பி வழியாகத் தலையாட்டல் போகாது.

"யோவ், இருக்கியா? நேரம் ஓடுதய்யா!"

அவருக்கு உள்ளங்கை வேர்த்தது. கீழே அத்தனை கைப்பேசிகள். ஒருவரைத் திருப்திப்படுத்தினால் மற்ற எல்லோரும் ஏமாறத்தான் போகிறார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"நடுவுல முட்டச் சொல்லு" என்றார்.

டக்கெட் திட்டினார். திட்டி முடிப்பதற்குள் நேரம் போய்விடும் என்பதால் பாதித் திட்டோடு சைகை காட்டினார். பெரிய பையன் பந்தை அணைத்துக்கொண்டு நடுவில் போய் முட்டினான். இரண்டு கஜம்.

மைதானமே ஊளையிட்டது. கீழே பல் டாக்டரும் பட்டும் கைப்பேசியை இறக்கிவிட்டு, ஒரே சமயத்தில் திரும்பி அண்ணாந்து முறைத்தார்கள். டெல்மர் அவர்களைப் பார்க்கவில்லை. எதிரணியில் வெகு பின்னால் நின்று காவல் காக்க வேண்டியவன் ஒருவன், பந்து கிளம்பியதுமே நடுவை நோக்கித் தலைதெறிக்க ஓடி வந்திருந்தான். டெல்மர் நடுவில்தான் முட்டுவார் என்று யாரோ அவனுக்கு நன்றாகப் பாடம் எடுத்திருக்கிறார்கள். அவன் விட்டுவந்த இடம் வெட்டவெளியாகக் கிடந்தது.

"கழட்டு. ப்ரெஸ்லிகிட்ட குடு" என்றார் டக்கெட். ப்ரெஸ்லி பக்கத்து நாற்காலியில் காத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் பந்து நம்ம கையிலதான இருக்கு? மறுபடி முட்டற மாதிரி போக்குக் காட்டு. அந்தப் பின்னால நிக்கறவன் திரும்பவும் ஓடி வருவான். அவன் தலைக்கு மேல எறி."

இத்தனை நீளமாக டெல்மர் பேசி டக்கெட் கேட்டதில்லை. அந்தத் திகைப்பிலேயே சைகை காட்டிவிட்டார். பெரிய பையன் வெறுங்கையோடு முட்டினான். காவல்காரன் ஏமாந்து ஓடி வந்தான். பந்து அவன் தலைக்கு மேல் பறந்து, காற்றாக ஓடிக்கொண்டிருந்த சின்னப் பையன் கையில் விழுந்தது. அவனைத் துரத்த அங்கே ஆளே இல்லை; எல்லைக் கோட்டைத் தாண்டிப் பாயிண்ட் எடுத்துவிட்டான்.

மைதானம் எழுந்து நின்று ஆடியது. "இடது பக்கம்! நான் சொன்னது!" என்று பல் டாக்டர் மார்பில் அடித்துக்கொண்டார். "என் மிளகு டப்பா!" என்று மிஸ் அடேல் கணவரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். தன் கனவில் ஒரு சின்ன மாற்றம்தான் செய்திருக்கிறார் என்று பட் பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கினார். காதுக்குள் டக்கெட் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி அறையில் இருந்த உதவியாளர் அந்த நீண்ட எறியைக் கையகலத் திரையில் மறுபடி ஓடவிட்டு, டெல்மரிடம் நீட்டினார்.

"இது வேண்டாம்ப்பா" என்றார் டெல்மர். "இதுக்கு முன்னாடி இருக்கே, அதைப் போடு."

திரையில் பெரிய பையன் நடுவில் போய் முட்டினான். டெல்மர் திரையை மடியில் வைத்து, வேர்வை பட்ட இடத்தைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, அந்த இரண்டு கஜத்தை இன்னொரு தடவை ஓடவிட்டார்.